16-ஆம் எண் சட்டை: கிழக்கம்பலத்திலிருந்து பாரீஸ் வரை

புதுதில்லி: இந்திய ஹாக்கி அணியில் 16-ஆம் எண் சட்டையை இனி எவரும் அணியப் போவதில்லை. 2024 ஆகஸ்ட் 14-ஆம் தேதி தலைநகரில் நடைபெற்ற பாராட்டு விழாவில் ஹாக்கி இந்தியா அமைப்பு இந்த முடிவை வெளியிட்டது. பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவின் கோல் கம்பங்களைக் காத்த கேரள வீரர் பி.ஆர். ஸ்ரீஜேஷுக்குச் செய்யப்பட்ட மரியாதை அது.

அந்த அறிவிப்பில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. சட்டைக்கு ஓய்வு சீனியர் அணியில் மட்டுமே. ஜூனியர் அணியில் 16-ஆம் எண் தொடரும். அந்த ஜூனியர் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் ஸ்ரீஜேஷிடமே ஒப்படைக்கப்பட்டது. இன்னொரு ஸ்ரீஜேஷை அவரே உருவாக்கித் தரவேண்டும் என்பது நிர்வாகிகளின் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பது எளிது. ஆனால் முதல் ஸ்ரீஜேஷ் உருவான கதையைப் பார்த்தால், அதில் திட்டமிட்டு நடந்தவை எவ்வளவு, தற்செயலாக நேர்ந்தவை எவ்வளவு என்ற ஐயம் எழாமல் போகாது. 336 சர்வதேசப் போட்டிகள், நான்கு ஒலிம்பிக், இரண்டு ஒலிம்பிக் வெண்கலம், இரண்டு ஆசிய விளையாட்டுத் தங்கம் என்று நீளும் அந்தக் கணக்கு, ஹாக்கியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு மாநிலத்தின் சிற்றூரில், மட்டையைத் தொட்டே பார்த்திராத ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறது.

மாடு விற்ற பணத்தில் கவசம்

எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள கிழக்கம்பலத்தில் 1988 மே 8-ஆம் தேதி பிறந்தவர் ஸ்ரீஜேஷ். தந்தை ரவீந்திரன் விவசாயி. கால்பந்து மூச்சாகவும் கைப்பந்தும் தடகளமும் அதற்கு அடுத்தும் விளங்கும் மண் அது. சிறுவன் ஸ்ரீஜேஷும் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று அந்த வரிசையிலேயே நடந்தார்.

பன்னிரண்டாவது வயதில் திருவனந்தபுரத்தில் உள்ள ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தது. கேரள அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி இது. மாநிலத்தில் விளையாட்டு நிர்வாகத்துக்கு அடித்தளமிட்டவரும், 1971-ல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தவருமான கோதவர்ம ராஜாவின் பெயரைத் தாங்கியது. காலையும் மாலையும் பயிற்சி, இடையில் படிப்பு. வீட்டை விட்டு இருநூறு கிலோ மீட்டர் தள்ளி வந்த அந்தச் சிறுவனை அங்கிருந்த பயிற்சியாளர் ஜெயகுமார்தான் ஹாக்கியின் பக்கம் திருப்பினார். கோல்கீப்பராக நில் என்று சொன்னவரும் அவரே.

கோல்கீப்பராக நிற்பதில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற பத்துப் பேருக்கும் ஒரு மட்டையும் காலணியும் போதும். இவருக்கோ தலைக்கவசம், மார்புக் கவசம், தடித்த கால்காப்புகள், பாதக் காப்புகள், இரு கைக்கும் வெவ்வேறு வடிவில் கையுறைகள் எல்லாம் வேண்டும். விவசாயி வீட்டுக்கு அது பெருந்தொகை. மகனின் முதல் கவசத் தொகுதியை வாங்க ரவீந்திரன் வீட்டிலிருந்த பசுவை விற்றார். பிற்காலத்தில் நாடே பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஸ்ரீஜேஷ் இதைச் சொன்னபோது பலர் கண்கலங்கினர். கறவை மாட்டை நம்பி இருக்கும் குடும்பங்களுக்கு அந்த விற்பனையின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

மொழி தெரியாத முகாம்

பள்ளியிலிருந்து ஜூனியர் தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தது. பஞ்சாப், ஹரியாணா, ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களின் பிள்ளைகள் நிறைந்த முகாம். இந்தி அறியாத கேரளச் சிறுவன். கோல்கீப்பரின் வேலையில் பாதி கண்ணில் இருக்கிறது என்றால் மறுபாதி குரலில் இருக்கிறது. ஆடுகளம் முழுவதும் தெரியும் ஒரே இடத்தில் நிற்பவர் அவர்தான். யார் யாரைப் பிடிக்கவேண்டும், எந்தப் பக்கம் காலியாக உள்ளது என்று தற்காப்பு வீரர்களுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மொழி இல்லாமல் அது நடவாது. பிற்காலத்தில் இந்தியாவின் ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அனைவரும் அறிந்த அந்த ஓயாத குரல், முகாம் அறைகளில் சகவீரர்களிடம் கற்ற இந்தியில் ஒலித்தது.

2004-ல் ஜூனியர் அணியிலும், 2006-ல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியின்போது சீனியர் அணியிலும் இடம் பெற்றார். ஆனால் நிரந்தர இடம் உடனே வரவில்லை. ஏட்ரியன் டிசூசா, பல்ஜித் சிங், பரத் சேத்ரி என மூத்த கோல்கீப்பர்கள் வரிசையில் இருந்தனர். இந்த இடத்துக்கு ஓர் அணியில் ஒருவர்தான் என்பதால், முன்னே நிற்பவர் தளரும்வரை பின்னே நிற்பவர் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் காத்திருப்பு இந்திய ஹாக்கியின் மிகத் தாழ்ந்த காலத்தோடு ஒத்துப்போனது. 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்ற இந்தியா, 1928-க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ் அணியில் இருந்தார். இந்தியா ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்று, 12 அணிகளில் 12-ஆவது இடம் பெற்றது. அணியில் இருந்த பலரின் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

எட்டு விநாடிகள்

லண்டனுக்கு ஓராண்டு முன்பே, 2011-ல் சீனாவின் ஓர்டோஸ் நகரில் நடைபெற்ற முதலாவது ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தான் அடித்த இரு பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்துத் தன் பெயரை ஸ்ரீஜேஷ் பதித்திருந்தார். 6.4 மீட்டர் தொலைவிலிருந்து, தடுப்பார் எவரும் இன்றி அடிக்கப்படும் பந்து அது. கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்கவேண்டும். தடுப்பவரைவிட அடிப்பவருக்கே வாய்ப்பு மிகுதி.

பின்னர் விதி மாறியது. சமனில் முடியும் ஆட்டங்களில் ஸ்ட்ரோக்குக்குப் பதில் 'ஷூட்-அவுட்' வந்தது. தாக்குபவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு எட்டு விநாடிக்குள் கோல் அடிக்கவேண்டும். கோல்கீப்பர் முன்னேறி வரலாம், பாயலாம், திசையை அடைக்கலாம். இங்கே கை வேகத்தைவிடப் பொறுமைக்கே மதிப்பு. முதலில் அசைபவர் பெரும்பாலும் தோற்கிறார். இந்த எட்டு விநாடிகளை ஸ்ரீஜேஷ் தமக்கே உரியதாக்கிக்கொண்டார்.

2014 அக்டோபர் 2. தென் கொரியாவின் இன்ச்சானில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். பிரிவு ஆட்டத்தில் அதே அணியிடம் 1-2 என்று தோற்றிருந்த இந்தியா, இறுதியில் 1-1 எனச் சமன் செய்தது. ஷூட்-அவுட்டில் இருவரைத் தடுத்தார் ஸ்ரீஜேஷ். இந்தியா 4-2 என வென்றது. 1998-ல் தன்ராஜ் பிள்ளை தலைமையில் பாங்காக்கில் வென்ற பிறகு 16 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம். ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியும் அத்தோடு வந்தது.

அதன் பின்னர் ஏறுமுகம்தான். 2015-ல் அர்ஜுனா விருது. அதே ஆண்டு ராய்ப்பூரில் நடைபெற்ற உலக லீக் இறுதிச்சுற்றில் நெதர்லாந்தை ஷூட்-அவுட்டில் வென்று வெண்கலம். 2016-ல் அவரது தலைமையில் லண்டன் சாம்பியன்ஸ் கோப்பையில் வெள்ளி. ரியோ ஒலிம்பிக்கிலும் அவரே கேப்டன். அங்கு கால் இறுதியில் பெல்ஜியத்திடம் 1-3 என்று இந்தியா வெளியேறியது. 2017-ல் பத்மஸ்ரீ.

அதே 2017-ல் மலேசியாவில் அஸ்லான் ஷா கோப்பைப் போட்டியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. கோல்கீப்பருக்கு முழங்கால் என்பது பாடகருக்குத் தொண்டை போல. அறுவைச் சிகிச்சை, பல மாத ஓய்வு, மீண்டும் நடை, மீண்டும் ஓட்டம். முப்பதை நெருங்கும் வயதில் இந்தக் காயத்தோடு ஒதுங்கியவர்கள் பலர். 2018 ஜனவரியில் அவர் திரும்பி வந்தார். அந்த ஆண்டு நெதர்லாந்தின் பிரேடா நகரில் நடந்த கடைசி சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா வெள்ளி வென்றது. போட்டியின் சிறந்த கோல்கீப்பர் விருது ஸ்ரீஜேஷுக்குக் கிடைத்தது.

ஏழு கோலுக்குப் பின் 6.8 விநாடி

டோக்கியோவை நினைவுகூரும் எல்லோரும் கடைசி ஆட்டத்தையே நினைவுகூர்கின்றனர். ஆனால் 2021 ஜூலை 25-ஆம் தேதி அங்கே ஆஸ்திரேலியா இந்தியாவை 7-1 என்று நசுக்கியதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். ஏழு முறை தன் பின்னால் பலகை அதிரும் ஓசையைக் கேட்டவர், அடுத்த ஆட்டத்துக்கு அதே கவசத்தை மாட்டிக்கொண்டு வரவேண்டும். வந்தார். இந்தியா தொடர்ந்து வென்று, பிரிட்டனைக் கால் இறுதியில் 3-1 என வீழ்த்தி, அரை இறுதியில் பெல்ஜியத்திடம் 2-5 என்று தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியைச் சந்தித்தது.

ஆகஸ்ட் 5 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா 5-3 என முன்னேறியது. பிறகு ஜெர்மனி ஒரு கோலைத் திருப்பியது, 5-4. ஆட்டம் முடிய 6.8 விநாடிகள் இருக்கையில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரும் நான்கு தற்காப்பு வீரர்களும் மட்டுமே நிற்க, மற்ற இந்தியர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போயாக வேண்டும். மணிக்கு நூறு கிலோ மீட்டரைத் தாண்டி வரக்கூடிய இழுத்துவிசிறும் அடி. கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். அந்தப் பரப்பில் எந்த மூலை என்பதை அடிப்பவரின் தோளும் மணிக்கட்டும் காட்டும் நொடியில் கணிக்கவேண்டும்.

ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980-ல் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் வென்ற தங்கத்துக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்து இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. அவர் கோல் சட்டத்தின் மேலேறி அமர்ந்த படம் மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. கிழக்கம்பலம் திரும்பியதும் அந்தப் பதக்கத்தைத் தந்தையின் கழுத்தில் அணிவித்தார்.

கேரள அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசளித்தது; கல்வித் துறையில் இணை இயக்குநராகப் பதவி உயர்வும் வழங்கியது. மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா விருது அந்த ஆண்டே வந்தது. உலக விளையாட்டுகள் அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக்கான சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ராணி ராம்பாலுக்கு அடுத்து அதைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர்.

உலகக் கோப்பை மட்டும் அவருக்கு வசப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-ல் புவனேசுவரத்தில் கால் இறுதியோடு நின்றது. 2023-ல் சொந்த மண்ணிலேயே நியூஸிலாந்திடம் ஷூட்-அவுட்டில் இந்தியா தோற்றது. அதன் நடுவில் காயமுற்று ஸ்ரீஜேஷ் வெளியேற நேர்ந்தது. 1975-ல் கோலாலம்பூரில் வென்றதற்குப் பிறகு அந்தக் கோப்பை இந்தியாவுக்கு வரவே இல்லை.

பத்துப் பேரோடு பாரீஸில்

பாரீஸ் ஒலிம்பிக் தொடங்கும் முன், 2024 ஜூலை 22-ஆம் தேதி, இதுவே தமது கடைசிப் போட்டி என்று அறிவித்தார். வயது 36. பிரிவு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 3-2 என இந்தியா வென்றது. ஒலிம்பிக்கில் அந்த அணியை வெல்வது 1972-க்குப் பிறகு அதுவே முதல் முறை. கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக, 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டையுடன் வெளியேற்றப்பட்டார். எஞ்சிய ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 என்று சமன் செய்தது. ஷூட்-அவுட்டில் 4-2. அந்த நாற்பது நிமிடங்களுக்கு மேலான முற்றுகையில் கோல் முன்னே நின்றவரின் ஆட்டம், டோக்கியோவின் 6.8 விநாடியைவிடச் சிறந்தது என்று கருத இடமுண்டு. படம் மட்டும் அவ்வளவு அழகாக அமையவில்லை.

அரை இறுதியில் ஜெர்மனியிடம் 2-3 எனத் தோல்வி. ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம். நிறைவு விழாவில் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கருடன் தேசியக் கொடியை ஏந்திச் சென்றார். 2025-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

முகமூடி இல்லாத முன்னோடி

ஸ்ரீஜேஷுக்கு முன்பே கேரளத்துக்கு ஓர் ஒலிம்பிக் பதக்கம் இருந்தது. அதை வென்றவரும் ஹாக்கி கோல்கீப்பரே. கண்ணூரில் 1947-ல் பிறந்த மானுவல் பிரெடரிக், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இடம் பெற்றிருந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளத்தவர் அவர். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாம் உலகக் கோப்பையில் வெள்ளி வென்ற அணியிலும் இருந்தார்.

அவர் ஹாக்கி கற்றது கேரளத்தில் அல்ல; சிறுவனாக ராணுவத்தில் சேர்ந்து, பெங்களூரில். முகத்துக்குக் கவசம் பரவலாகாத காலத்தில் பந்தின் முன்னே நின்றவர். அவருக்கு மத்திய அரசின் தியான் சந்த் விருது கிடைத்தது 2019-ல். பதக்கம் வென்று 47 ஆண்டுகள் கழித்து. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோ வெண்கலத்துக்குக் கோடிகளும் பதவியும் சில வாரங்களில் வந்து சேர்ந்தன. ஸ்ரீஜேஷுக்குக் கிடைத்தது மிகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரெடரிக்குக்கு நேர்ந்த தாமதத்துக்குத்தான் விளக்கம் இல்லை. 2025 அக்டோபர் 31-ஆம் தேதி பெங்களூரில், 78-ஆவது வயதில் அவர் காலமானார்.

கண்ணூர்க்காரரை ராணுவம் கண்டெடுத்தது. கிழக்கம்பலத்தவரை அரசு உறைவிடப் பள்ளி கண்டெடுத்தது. இருவரையும் அவரவர் ஊர் ஹாக்கிக்கு அனுப்பவில்லை. கேரளத்தில் சர்வதேசத் தரத்தில் செயற்கைத் தரை கொண்ட ஹாக்கி அரங்கு 2015 தேசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கொல்லத்தில் திறக்கப்பட்டபோது, ஸ்ரீஜேஷின் கழுத்தில் ஆசியத் தங்கம் ஏற்கெனவே இருந்தது.

மறையூரிலிருந்து எவ்வளவு தூரம்?

மூன்றாமவர் எங்கிருந்து வருவார்? இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது மறையூர். சந்தனக் காடுகளுக்கும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கரும்பு வெல்லத்துக்கும் பெயர் பெற்றது. சின்னாறு வழியே இறங்கினால் உடுமலைப்பேட்டை. மறையூரிலும் காந்தலூரிலும் வட்டவடையிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

விளையாட்டில் இடுக்கி பின்தங்கிய மாவட்டம் அல்ல. தொடுபுழாவில் பிறந்த ஷைனி வில்சன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தினார். கொம்பொடிஞ்சாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சு ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். மூவரும் ஓட்டக்காரர்கள். இது தற்செயல் அன்று. ஓடுவதற்கு மலைப்பாதை போதும், வெறுங்காலும் போதும். பீடங்களும் தடங்களும் பிறகு வரலாம்.

ஹாக்கி அப்படிப்பட்டதல்ல. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கோடு இயற்கைப் புல்லை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறிய ஆட்டம் இது. மண் தரையில் பழகிய கைக்கு, தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் சறுக்கி வரும் பந்தின் வேகம் பிடிபடவே ஆண்டுகள் ஆகும். கோல்கீப்பருக்கோ அதற்கு மேல் கவசச் செலவும் உண்டு. மறையூரில் பிறக்கும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ ஹாக்கியில் நாட்டம் வந்தால், அவர்கள் முன் உள்ள வழி ஸ்ரீஜேஷ் நடந்த அதே வழிதான்: ஒரு தேர்வு முகாம், பன்னிரண்டு வயதில் வீட்டைப் பிரிதல், மாநிலத்தின் மறுகோடியில் ஓர் உறைவிடப் பள்ளி, அங்கே கண்டறியும் கண் உள்ள ஒரு பயிற்சியாளர். இந்தக் கண்ணிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் 16-ஆம் எண்ணுக்கு இன்று எந்தச் சிறப்பும் இருந்திருக்காது. மாடும் விற்கப்பட்டிருக்காது.

பயிற்சியாளராகவும் ஸ்ரீஜேஷ் வென்றார். 2024 டிசம்பரில் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானை 5-3 என இந்தியா வீழ்த்தியது. ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை, ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. கால் இறுதியில் பெல்ஜியத்தை ஷூட்-அவுட்டில் வென்றபோது எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளரின் முகத்தில், உள்ளே ஓடிவிடத் துடிக்கும் பழைய ஆட்டக்காரரைக் காண முடிந்தது. அரை இறுதியில் ஜெர்மனி 5-1 என வென்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என வென்றது.

சென்னை எழும்பூர் அரங்கில் வெண்கலம் பெற்ற அந்த ஜூனியர் அணியில் பஞ்சாப், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் இளைஞர்கள் இருந்தனர். தமிழகத்திலிருந்து ஒருவரும் இல்லை. பயிற்சியாளரைத் தவிரக் கேரளத்திலிருந்தும் ஒருவரும் இல்லை.